சிம்மும் நல்லது, போனும் புதிது, ஆனாலும் நெட்வொர்க் இல்லை: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி?

விலை குறைந்த போனில் எங்கே காசை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் பலரும் கேமராவையும் திரையையும் சொல்வார்கள். வெளியே தெரியாத இன்னொரு இடம் இருக்கிறது: ரேடியோ பகுதி. டவர் பேசும் ஒவ்வொரு பேண்டுக்கும், அதாவது எண்ணிட்ட ஒவ்வோர் அலைவரிசைத் தொகுதிக்கும், போனுக்குள் தனி வடிகட்டி வேண்டும், அதற்கேற்ற பெருக்கியும் ஆன்டெனா அமைப்பும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் செலவு. அதனால் விற்கப்போகும் நாட்டுக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே பெட்டி. மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கும், உள்ளே பேண்ட் பட்டியலே வேறாக இருக்கும்.

ஆகவே பெட்டியில் "4ஜி", "5ஜி" என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் டவர் எந்த எண்ணுள்ள பேண்டில் பேசுகிறது, அது இந்தப் போனுக்குக் கேட்குமா, கேட்டாலும் குரல் அழைப்பை அந்த வழியாக அனுப்ப நிறுவனம் இந்த மாடலை அனுமதிக்கிறதா என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். மூன்றில் ஒன்று தவறினாலும் ஒவ்வொரு விதமான கோளாறாகத் தலைகாட்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் சிம்மை மாற்றிப் பாருங்கள்

செட்டிங்ஸைக் குடைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் சிம்மை, அதே நிறுவனத்தின் சேவையில் ஒழுங்காக ஓடும் வேறொரு போனில், அதே இடத்தில் நின்று போட்டுப் பாருங்கள். அங்கும் வேலை செய்யவில்லை என்றால் போனைக் குறை சொல்ல வேண்டாம். சிம், கணக்கு, டவர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. அடுத்து வேறு நிறுவனத்தின் சிம்மைப் புதுப் போனில் போடுங்கள். அது ஓடி, உங்களுடையது ஓடவில்லை என்றால் பேண்ட், பூட்டு (ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி போனை அடைத்து வைப்பது), அனுமதி ஆகிய மூன்றில் ஒன்று. எந்த சிம்மும் ஓடவில்லை என்றால் டவரோடு பேசும் பாகமான மோடமே சந்தேகத்துக்குரியது.

பிறகு மூன்று தகவலைக் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் "அபவுட் போன்" பகுதியில் இருக்கும் முழு மாடல் எண். விளம்பரப் பெயர் இதற்கு உதவாது. டயல் திரையில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண். இரட்டை சிம் போனில் இரண்டு எண்கள் வரும். மூன்றாவதாக, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் திறக்கும் சோதனைப் பக்கம். அதில் "போன் இன்ஃபர்மேஷன்" என்பதற்குள் போனால் சிக்னல் அளவு, நெட்வொர்க் வகை, ஐஎம்எஸ் நிலை (4ஜி வழிக் குரல் அழைப்புக்குப் போன் பதிவாகியிருக்கிறதா என்பது) எல்லாம் தெரியும். சாம்சங் போன்களில் *#0011# இதே வேலையைச் செய்யும். ஐபோனில் *3001#12345#* அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்ட வேண்டும்.

அறிகுறி: சிக்னல் கோடே வரவில்லை, "நோ சர்வீஸ்"

மொபைல் நெட்வொர்க் அமைப்புக்குள் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். போன் சுற்றிலும் தேடத் தொடங்கும். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் ஆகலாம், பொறுமையாக இருங்கள். வரும் பட்டியல்தான் இந்த வழிமுறை முழுவதிலும் அதிகம் சொல்லும் சோதனை.

உங்கள் நிறுவனத்தின் பெயர் பட்டியலிலேயே இல்லை, மற்ற நிறுவனங்கள் மட்டும் வருகின்றன என்றால், அந்த டவர் பேசும் பேண்ட் இந்தப் போனில் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. பெயர் வருகிறது, தட்டினால் மறுக்கிறது என்றால் போனுக்கு டவர் கேட்கிறது. டவர்தான் போனையோ சிம்மையோ சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள். பட்டியலே காலி என்றால் ஆன்டெனா அல்லது மோடம். சோதனை முடிந்ததும் தானாகத் தேர்ந்தெடுப்பதை மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள். அணைத்தபடியே விட்டுவிட்டு, மறுநாள் வேறு ஊரில் சிக்னல் இல்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

பேண்ட் இல்லை என்று முடிவுக்கு வருமுன் இரண்டு அற்பக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். "பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்" என்ற இடத்தில் 2ஜி அல்லது 3ஜி மட்டும் என்று இருந்தால், அந்தச் சேவைகளை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் டவரைப் போன் தேடவே தேடாது. அடுத்தது பழைய சிம். 2ஜி காலத்து சிம் அட்டைக்கு 4ஜி டவரில் அனுமதி கிடையாது. அதற்கு யுசிம் வகை அட்டை தேவை. பெரிய அட்டையைக் கத்தரித்து நானோ அளவுக்குக் கொண்டுவந்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பழைய அட்டையின் தடிமன் 0.76 மி.மீ., நானோ சிம்முடையது 0.67 மி.மீ. தட்டில் இறுகி, தொடுபுள்ளிகள் சரியாகப் பதியாது. புது அட்டை வாங்கிவிடுவதே மேல்.

பயன்படுத்திய போன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். *#06# அழுத்தும்போது ஐஎம்இஐ பூஜ்யமாகவோ வெறுமையாகவோ வந்தாலும், "அபவுட் போன்" பகுதியில் பேஸ்பேண்ட் "அன்னோன்" என்று காட்டினாலும் அது மோடம் சார்ந்த சேதம். செட்டிங்ஸில் எதை மாற்றியும் பயனில்லை. வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பேண்ட்தான் இல்லை என்று உறுதியானால் அதற்கு மருந்து கிடையாது. வேறு நாட்டு மென்பொருளை ஏற்றினால் பேண்ட் வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வடிகட்டி இல்லாத பலகையில் மென்பொருள் என்ன செய்யும்? பாகங்கள் உள்ளே இருந்து மென்பொருளால் மட்டும் அடைக்கப்பட்ட அரிதான மாடல்களில் திறந்தவர்கள் உண்டு. அதற்காகப் போனின் உத்தரவாதத்தையும் வங்கிச் செயலிகளையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது.

அறிகுறி: "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி", அல்லது புரியாத ஒரு குறியீடு

ஆண்ட்ராய்டு இந்த விஷயத்தில் ஓரளவு நேர்மையானது. நெட்வொர்க் மறுத்த காரணத்தையே திரையில் காட்டிவிடும், படிக்கத்தான் ஆள் இல்லை. எம்எம்#2 என்று வந்தால் சிம் இன்னும் நிறுவனத்தின் கணினியில் பதிவாகவில்லை; புது சிம் என்றால் சில மணி நேரம் பொறுங்கள், பிறகும் வந்தால் நிறுவனத்தை அழையுங்கள். எம்எம்#3 என்றால் அந்த சிம்முக்கு அனுமதி இல்லை. எம்எம்#6 என்றால் சிக்கல் சிம்மில் இல்லை, போனில்: இந்த ஐஎம்இஐ எண்ணை நெட்வொர்க் ஏற்க மறுக்கிறது.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணங்கள் இரண்டு. திருட்டுப் போன் அல்லது தவணை கட்டாத போன் என்று கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கலாம். அல்லது அந்த நாட்டில் இறக்குமதிப் போனைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கலாம். துருக்கி, பாகிஸ்தான், இந்தோனேசியா போன்ற நாடுகளில் அப்படி உண்டு. பதிவுக்கு அவகாசம் தரும் நாடுகளில் இதன் அறிகுறி ஆளை ஏமாற்றும்: முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும், திடீரென்று ஒருநாள் நின்றுவிடும். துருக்கியில் அந்த அவகாசம் 120 நாள். "நேற்று வரை நன்றாக இருந்ததே" என்று போனைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சிம்மைப் போட்டதும் "நெட்வொர்க் அன்லாக் பின்" கேட்டால் அது பூட்டிய போன். யாரோ ஒரு நிறுவனம் தன் சிம்மோடு சேர்த்து மலிவாக விற்றது. பூட்டைத் திறக்கும் எண்ணைத் தர வேண்டியது அந்த நிறுவனம்தான். ஊகித்து ஊகித்து எண்களைப் போடாதீர்கள்; முயற்சிக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் நிரந்தரமாக இறுகிவிடும் மாடல்கள் இருக்கின்றன. இன்னும் சில போன்களில் வட்டாரப் பூட்டு இருக்கும்: விற்ற வட்டாரத்தின் சிம்மைப் போட்டு சில நிமிடம் பேசிய பிறகுதான் பிற நாட்டு சிம்மை ஏற்கும். பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வாங்கி வருவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் அங்கேயே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

அறிகுறி: இணையம் பறக்கிறது, அழைப்பு மட்டும் போகவில்லை

அதிகம் குழப்புவது இதுதான். சிக்னல் நாலு கோடு, வீடியோ ஓடுகிறது, கடவுச்சொல் குறுஞ்செய்திகூட வருகிறது. எண்ணை அழுத்தினால் உடனே துண்டிக்கிறது. உங்களை அழைப்பவருக்கோ "தொடர்பு எல்லைக்கு அப்பால்" என்று கேட்கிறது.

காரணம், 4ஜி என்பது அடிப்படையில் டேட்டா மட்டும் சுமக்கும் அமைப்பு. குரலை அதில் அனுப்ப வோல்டிஇ என்ற தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத போன், அழைப்பு வந்ததும் 3ஜி அல்லது 2ஜி டவருக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறும். கீழே அந்த டவர்கள் இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. இப்போது படிக்கட்டையே எடுத்துவிட்டார்கள். ஜியோ 2016-ல் தொடங்கியபோதே 2ஜி, 3ஜி இல்லாமல்தான் வந்தது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022 முடிவதற்குள் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூடியபோது, 4ஜி வழியாக அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே விலக்க வேண்டும் என்று விதி வந்தது. 4ஜி இணையம் ஒழுங்காக ஓடிய போன்களும் அதில் அடிபட்டன.

குறுஞ்செய்தி மட்டும் எப்படி வருகிறது? 4ஜியின் கட்டுப்பாட்டுத் தடம் வழியாகவே அதை அனுப்ப வழி உண்டு. குரலுக்கு அப்படிக் கிடையாது. குறுஞ்செய்தி வருகிறதே, போன் சரியாகத்தான் இருக்கும் என்று ஏமாற வேண்டாம்.

சோதனை எளிது. வைஃபையை அணைத்துவிட்டு ஓர் அழைப்பு போடுங்கள். பேசும்போது மேலே உள்ள குறி 4ஜி என்றே நின்று, பேசிக்கொண்டே இணையமும் ஓடினால் வோல்டிஇ வேலை செய்கிறது. குறி 3ஜி, எச் (H), இ (E) என்று இறங்கினால், அல்லது ரிங் போவதற்கே ஐந்தாறு விநாடி பிடித்தால், போன் இறங்கிப் பேசுகிறது. இன்று ஓடும், அந்த டவர்கள் மூடப்படும் நாளில் நின்றுவிடும். *#*#4636#*#* பக்கத்தில் ஐஎம்எஸ் நிலை "நாட் ரெஜிஸ்டர்டு" என்று இருந்தால் அதே முடிவு.

சரிசெய்யும் வரிசை: மொபைல் நெட்வொர்க் அமைப்பில் வோல்டிஇ பொத்தான் இருக்கிறதா பாருங்கள், சில போன்களில் "4ஜி காலிங்" என்று இருக்கும். இருந்து அணைந்திருந்தால் போடுங்கள். பொத்தானே இல்லை என்றால் மென்பொருளைப் புதுப்பித்து, சிம்மை உள்ளே வைத்தபடியே போனை அணைத்துப் போடுங்கள். போன் சிம்மைப் பார்த்துத்தான் நிறுவனத்துக்குரிய அமைப்புக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் நிறுவனத்தை அழைத்து "என் எண்ணில் வோல்டிஇ செயலில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது அணைந்தே கிடக்கலாம்.

இதற்கு மேலும் வரவில்லை என்றால், உங்கள் நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பு அந்த மாடலில் இல்லை, அல்லது நிறுவனம் தான் சோதித்த மாடல்களை மட்டும் அனுமதிக்கிறது. வோல்டிஇ உண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பொய்யல்ல, ஆனால் எந்த நிறுவனத்தோடு உண்டு என்பது அதில் இல்லை. ஷாவ்மி போன்களில் *#*#86583#*#* அழுத்தினால் நிறுவனச் சரிபார்ப்பு நீங்கி, வோல்டிஇ பொத்தான் தலைகாட்டுவது உண்டு. முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. புதுப்பித்தலுக்குப் பின் மறுபடி போட வேண்டி வரலாம். நிறுவனம் தன் பக்கம் மறுத்தால் இதுவும் எடுபடாது.

வைஃபை காலிங் ஓடினால் வீட்டுக்குள் ஒப்பேற்றலாம். ஆனால் அதை மட்டும் நம்பி அந்தப் போனை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டோம். சாலையில் விபத்து நடந்தால் அங்கே வைஃபை இருக்காது.

அறிகுறி: வெளியே முழு சிக்னல், வீட்டுக்குள் நுழைந்தால் காலி

பழைய போனில் அதே அறையில் நன்றாகக் கிடைத்தது, புதியதில் இல்லை என்றால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு. இரண்டிலும் இல்லை என்றால் அது டவரின் தூரம்.

1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ் பேண்டுகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100, 2300 எல்லாம் வேகத்துக்கு உகந்தவை, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நிறுவனங்கள் இரண்டையும் கலந்தே வைத்திருக்கும்: தெருவில் 2300, வீட்டுக்குள் நுழைந்ததும் 850 அல்லது 700. போனில் அந்தத் தாழ் பேண்ட் மட்டும் விடுபட்டிருந்தால் தெருவில் ராஜா, வீட்டுக்குள் ஊமை. கிராமப்புறச் சாலைகளிலும் இதே கதைதான், அங்கே பெரும்பாலும் தாழ் பேண்ட் மட்டுமே எட்டும்.

எந்தத் தாழ் பேண்ட் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் பேண்ட் 20 (800 மெகாஹெர்ட்ஸ்). அமெரிக்காவில் 12, 13 (700), 71 (600). இந்தியாவில் 5 (850), 8 (900). ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பேண்ட் 28 (700) முக்கியம். ஒரு சந்தைக்கென்று செய்த மலிவுப் போனை இன்னொரு சந்தைக்குக் கொண்டுபோகும்போது முதலில் விடுபடுவது இந்த வரிசைதான். உயர் பேண்டுகளில் 1, 3, 7 போன்றவை பல நாடுகளுக்குப் பொது என்பதால் அவை இருக்கும். அதனால் "ஓடுகிறது" என்று தோன்றும்.

எந்தப் பேண்டில் இருக்கிறீர்கள் என்பதை நெட்மான்ஸ்டர் போன்ற செயலி காட்டும். பேண்ட் எண் நேரடியாக வராமல் இயர்எஃப்சிஎன் (EARFCN) என்ற அலை வரிசை எண் மட்டும் வந்தால் இப்படிப் படியுங்கள்:

0 முதல் 599 வரை: பேண்ட் 1
1200 முதல் 1949 வரை: பேண்ட் 3
2400 முதல் 2649 வரை: பேண்ட் 5
3450 முதல் 3799 வரை: பேண்ட் 8
6150 முதல் 6449 வரை: பேண்ட் 20
9210 முதல் 9659 வரை: பேண்ட் 28
38650 முதல் 39649 வரை: பேண்ட் 40

கூடவே ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற சிக்னல் வலு அளவையும் பாருங்கள். மைனஸ் 80 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-ஐத் தாண்டினால் இழுபறி, மைனஸ் 120 என்றால் மூச்சு நிற்கும் தறுவாய். திரையின் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டெசிபெலுக்கு எத்தனை கோடு என்பதைத் தயாரிப்பாளர் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம்.

பழைய போனையும் புதியதையும் அருகருகே, அதே நிறுவனத்தின் சிம்களோடு, வீட்டின் மோசமான மூலையில் வைத்து இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். பழையது பேண்ட் 5-ல் மைனஸ் 95, புதியது பேண்ட் 40-ல் மைனஸ் 118 என்று காட்டினால் கேஸ் முடிந்தது. இரண்டும் ஒரே பேண்டில் இருந்து புதியது 10 டெசிபெலுக்கு மேல் குறைவாகக் காட்டினால் ஆன்டெனா பலவீனம், அல்லது உலோகத் தகடு வைத்த உறை. உறையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பேண்ட் பட்டியலை ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம். சில பேண்டுகள் வேறொன்றைத் தமக்குள் அடக்கியவை: 66-க்குள் 4, 41-க்குள் 38, 26-க்குள் 5. பெரியது இருந்தால் சிறியதன் அலை அதற்குக் கேட்கும். எதிர்த்திசையில் நடக்காது. பேண்ட் 4 மட்டும் உள்ள போனுக்கு 66-ன் மேல்பகுதி கேட்காது.

அறிகுறி: 5ஜி போன், 5ஜி வரவே இல்லை

திட்டத்தில் 5ஜி இருக்கிறதா, அந்த இடத்தில் சேவை இருக்கிறதா, நெட்வொர்க் வகையில் 5ஜி தேர்ந்தெடுத்திருக்கிறதா, பேட்டரி சேமிப்பு நிலை அணைந்திருக்கிறதா என்ற நான்கையும் கடகடவென்று முடித்துவிடுங்கள். பேட்டரி சேமிப்பு பல போன்களில் 5ஜியைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும்.

அதன் பிறகும் இல்லை என்றால் 5ஜியில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று தனித்து நிற்பது, எஸ்ஏ என்பார்கள். மற்றது 4ஜியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது, என்எஸ்ஏ. இரண்டாவதில் போன் முதலில் ஒரு 4ஜி பேண்டில் நங்கூரமிட்டு, அதன் மேல் 5ஜியைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே போனில் என்78 என்ற 5ஜி பேண்ட் இருந்தால் மட்டும் போதாது. நங்கூர 4ஜி பேண்டும் இருக்க வேண்டும், அந்த இரண்டின் சேர்க்கையையும் போன் ஆதரிக்க வேண்டும். இந்தச் சேர்க்கைப் பட்டியல் பெட்டியில் இருக்காது. மலிவுப் போன்களில் அது குட்டையாக இருக்கும்.

எஸ்ஏ மட்டும் தரும் நிறுவனமும் உண்டு, என்எஸ்ஏவை நம்பியிருக்கும் நிறுவனமும் உண்டு. உங்கள் நிறுவனம் எஸ்ஏ என்றால் போனில் அது திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. வன்பொருள் இருந்தும் அந்த நிறுவனத்துக்கென மென்பொருள் புதுப்பித்தல் வரும்வரை அடைத்து வைத்திருப்பது சகஜம். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி என்று விற்கப்பட்டிருந்த பல போன்கள் புதுப்பித்தலுக்காகக் காத்திருந்தன. எனவே இங்கே முதல் மருந்து மென்பொருள் புதுப்பித்தல்.

பேண்ட் எண்களையும் கவனியுங்கள். என்78 என்பது 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை, என்77 அதையும் தாண்டி 4200 வரை. என்78 மட்டும் உள்ள போனுக்கு 3800-க்கு மேல் காது கேட்காது. என்28 தாழ் பேண்ட். கட்டடங்களுக்குள் 5ஜி வேண்டுமென்றால் அதுவோ அதற்கு இணையானதோ தேவை. என்258, என்260, என்261 ஆகியவை மில்லிமீட்டர் அலை. மலிவுப் போன்களில் அவற்றைத் தேட வேண்டாம், இருக்காது. இல்லாததால் அன்றாடம் பெரிய இழப்பும் இல்லை.

எதிர்மாறான அறிகுறியும் உண்டு: 5ஜி குறி இருக்கிறது, வேகம் 4ஜி போலவே இருக்கிறது. நங்கூர டவர் "இங்கே 5ஜி கிடைக்கும்" என்று அறிவித்தாலே குறியைக் காட்டிவிடும் போன்கள் உண்டு. டேட்டா ஓடுவது 4ஜியில்தான். அந்தக் குறிக்காக மட்டும் போனை மாற்றாதீர்கள்.

அறிகுறி: சிக்னல் இருக்கிறது, இணையம் இல்லை அல்லது ஆமை வேகம்

இணையமே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஏபிஎன்தான், அதாவது போனை நிறுவனத்தின் இணையத்தோடு இணைக்கும் வாசலின் பெயர். நிறுவனத்தின் தளத்தில் தரும் ஏபிஎன் பெயரை எழுத்துப் பிசகாமல் போடுங்கள், ஏபிஎன் புரோட்டோகாலில் "ஐபிவி4/ஐபிவி6" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபிவி4 மட்டும் என்று வைத்தால் ஐபிவி6-ஐ மட்டும் தரும் நிறுவனங்களில் இணைப்பு எழாது. உங்கள் போனில் இணையம் ஓடி, ஹாட்ஸ்பாட் போட்டால் மட்டும் நின்றால், ஏபிஎன் டைப் வரிசையில் "dun" என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். திட்டமே ஹாட்ஸ்பாட்டைத் தடுத்திருந்தால் அதுவும் உதவாது.

இணையம் இருந்து மெதுவாக இருந்தால் மோடத்தின் வகையைப் பாருங்கள். கேட் 4 (கேட்டகரி 4) மோடம் ஒரே ஓர் அலையைத்தான் பிடிக்கும், ஏட்டளவில் உச்சம் விநாடிக்கு 150 மெகாபிட். கேட் 6 இரண்டைச் சேர்த்து 300 வரை. யாருமில்லாத டவரில் வித்தியாசம் உறைக்காது. மாலை நேரக் கூட்டத்தில் இரண்டு அலையில் மாறிமாறி இடம் பிடிக்கும் போன் தாக்குப்பிடிக்கும், ஒற்றை அலைப் போன் திணறும். செட்டிங்ஸில் இதற்கு வழியில்லை.

அறிகுறி: இரண்டாவது சிம் மட்டும் தகராறு

பழைய மலிவுப் போன்களில் இரண்டாவது தட்டுக்கு 2ஜி அல்லது 3ஜி மட்டுமே உண்டு. சிம்களை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு சிம்மோடு நகராமல் தட்டோடு தங்கினால் அதுதான். ஒரு சிம்மில் பேசும்போது மற்றதற்கு அழைப்பு எட்டாமல் போவது கோளாறல்ல, இரண்டுக்கும் ஒரே ரேடியோ என்பதால் வருவது. மெமரி கார்டும் இரண்டாவது சிம்மும் ஒரே தட்டைப் பங்கு போடும் போன்களும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்பே இவற்றைப் பிடிக்க

உங்கள் நிறுவனம் உங்கள் வட்டாரத்தில் எந்த எண் பேண்டுகளை ஓட்டுகிறது என்பதை இப்போதுள்ள போனில் நெட்மான்ஸ்டரைப் போட்டே குறித்துக்கொள்ளலாம். வீடு, வேலையிடம், போகும் வழி, சொந்த ஊர் என நாலைந்து இடங்களில் பாருங்கள். செல்மேப்பர் தளத்தில் பலர் சேர்ந்து தொகுத்த டவர் வரைபடமும் கிடைக்கும். ஆனால் இப்போதுள்ள போனுக்கே கேட்காத பேண்ட் அதில் தெரியாது, அதனால் நிறுவனம் வெளியிட்ட பட்டியலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

போனின் பேண்ட் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில், முழு மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். போன் விவரங்களைத் தொகுக்கும் ஜிஎஸ்எம் அரீனா தளத்தில் ஒரே பெயருக்குக் கீழ் நாட்டுவாரியாகப் பல பட்டியல்கள் இருக்கும். முதலில் கண்ணில் படுவதையே உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் "குளோபல் வெர்ஷன்" என்று மட்டும் எழுதியிருந்தால் மாடல் எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். சீனப் பதிப்பில் மென்பொருளை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் எல்லா எண்ணும் பொருந்த வேண்டியதில்லை. தாழ் பேண்ட் ஒன்றாவது கட்டாயம். அதிக டவர்களில் ஓடும் நடுப்பேண்டும் கட்டாயம். மூன்றாவது, நான்காவது இல்லாமல் போனால் கூட்ட நேரத்தில் வேகம் குறையும், அவ்வளவுதான். விலை உண்மையிலேயே குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வோல்டிஇ அனுமதியில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். ஐஎம்இஐ எண்ணை நிறுவனத்தின் பொருத்தம் பார்க்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அது பச்சைக்கொடி காட்டினாலும் மாடல் எண்ணைத் தந்து வோல்டிஇ பற்றித் தனியாகக் கேளுங்கள், ஏனெனில் சில பக்கங்கள் அந்த எண்ணின் முதல் 8 இலக்கத்தை வைத்து மாடலை மட்டும் பார்த்துச் சொல்கின்றன. போன் பூட்டியதா என்பது அதில் வராது.

பயன்படுத்திய போனை நேரில் வாங்குவதாக இருந்தால் சொந்த சிம்மோடு போங்கள். பணம் கொடுப்பதற்கு முன் வைஃபையை அணைத்து ஓர் அழைப்பு போடுங்கள், ஓர் அழைப்பு வாங்குங்கள், 4ஜி குறி இறங்குகிறதா பாருங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தின் சிம்மையும் ஒரு நிமிடம் போடுங்கள்; பூட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். புதுப் போனை இணையத்தில் வாங்கினால் திருப்பியனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, பெட்டி வந்த அன்றே வீட்டின் மோசமான மூலையில் நின்று அந்த அழைப்பைப் போடுங்கள். திரைக்கு மேல் ஒட்டிய தாளை அதுவரை உரிக்க வேண்டாம்.